டேக் போட்ட புரதம் எங்கே போனது? ஒட்டுண்ணி லேபில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

டிரிப்பனோசோமா, லீஷ்மேனியா, டாக்சோபிளாஸ்மா, பிளாஸ்மோடியம். ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளான இந்த நாலில் எதை வளர்த்தாலும், ஒரு புரதத்தின் முனையில் ஒரு டேக்கை (அடையாள ஒட்டு), பச்சையாக ஒளிரும் எம்நியான்கிரீனோ ஆன்டிபாடியால் பிடிக்கும் சிறிய எச்ஏவோ, ஒட்டி அது செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை காகிதத்தில் மூன்று வரிதான். பிரைமர் (பிசிஆருக்கான சிறு டிஎன்ஏ துண்டு) வரவழை, டிஎன்ஏ செல்லுக்குள் நுழைய மின்துடிப்பு கொடு, மைக்ராஸ்கோப்பில் பார். நாலாவது வரியை யாரும் எழுதி வைப்பதில்லை: பார்த்தால் ஒன்றும் இல்லை, அல்லது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது.

கீழே இருப்பது அந்த நாலாவது வரிக்காக. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் மூன்று கன்ட்ரோல் கையில் இல்லாமல் போகாதீர்கள். ஒன்று, டிஎன்ஏ சேர்க்காமல் மின்துடிப்பு மட்டும் கொடுத்து, அதே மருந்தில் (டேக்கோடு சேர்ந்து நுழையும் எதிர்ப்பு ஜீன் இல்லாத செல்களைக் கொல்வது) விட்ட தாய் லைன் (டேக் போடும் முன் உள்ள மூலச் செல்கள்). இரண்டு, டேக் இல்லாத தாய் லைனை அதே நாளில், அதே எக்ஸ்போஷரில் எடுத்த படம். மூன்று, கட்டாயம் பளிச்சென்று தெரியும் என்று ஏற்கெனவே அறிந்த ஒரு புரதம், அதே வெக்டரில் (டேக்கையும் எதிர்ப்பு ஜீனையும் சுமக்கும் டிஎன்ஏ) டேக் போட்டது. டிரிப்பனோசோமாவில் கசையிழையை ஒட்டி ஓடும் பாராஃபிளாஜெல்லர் தண்டின் புரதம் இதற்கு நல்ல தேர்வு. இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே விலகிவிடும்.

மருந்து போட்டதும் எல்லாமே செத்துவிட்டது

முதலில் மூன்றாவது கன்ட்ரோலைப் பாருங்கள். அதுவும் செத்திருந்தால் தவறு உங்கள் ஜீனில் இல்லை, டிரான்ஸ்ஃபெக்ஷனிலோ (டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றும் வேலை) மருந்திலோ இருக்கிறது. மின்துடிப்பின்போது செல்லும் டிஎன்ஏவும் ஊற்றிய சிறு குப்பியான குவெட்டிலிருந்து 'டப்' என்று சத்தம் வந்ததா? டிஎன்ஏவில் உப்பு மிஞ்சியிருக்கிறது. எத்தனாலில் வீழ்படிவாக்கிய பிறகு 70 சதவீத எத்தனாலில் இன்னொரு முறை கழுவியிருக்க வேண்டும்.

செல்களின் நிலையும் முக்கியம். டிரிப்பனோசோமா புரூசியின் இரத்த வடிவம் மில்லிக்கு 20 லட்சத்தைத் தாண்டினாலே நலிய ஆரம்பித்துவிடும். முந்தின இரவு அந்த எல்லையைத் தாண்ட விட்டுவிட்டு மறுநாள் காலையில் மின்துடிப்பு கொடுத்தால் பிழைப்பது சொற்பம். செட்சி ஈயின் குடலில் வாழும் புரோசைக்ளிக் வடிவத்துக்கு இதற்கு நேர்மாறான குணம் உண்டு: ரொம்ப நீர்த்துவிட்டால் வளராது. குளோன் (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) எடுக்கும் ஆசையில் 96 குழித் தட்டில் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டு, மருந்துதான் கொன்றது என்று பழி போடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய வளர்ப்பிலிருந்து வடிகட்டிய ஊடகத்தைக் கொஞ்சம் கலந்தால் அவை தேறிவிடும்.

மருந்தின் அளவும் வடிவத்துக்கு வடிவம் மாறும். ஜி418 என்ற மருந்து பல லேப்களில் புரோசைக்ளிக் வடிவத்துக்கு மில்லிக்கு 15 மைக்ரோகிராம், இரத்த வடிவத்துக்கு 2.5. ஒன்றின் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்து மற்றதற்கு ஊற்றினால் கதை முடிந்தது.

கன்ட்ரோல் பிழைத்து, உங்கள் ஜீன் மட்டும் செத்ததா? இங்கேதான் நான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். டிரிப்பனோசோமாவில் பிசிஆர் வழியாக டேக் போடும் முறையில் ஒவ்வொரு பிரைமரிலும் 80 எழுத்து உங்கள் ஜீனுக்கு உரியது, மூன்று-பிரைம் பக்கத்தில் 20 எழுத்து போல வெக்டரில் ஒட்டுவதற்கு. ரிவர்ஸ் பிரைமரின் 80 எழுத்தைத் தலைகீழாக்கி இணைச்சங்கிலியாக மாற்றாமல் அப்படியே ஆர்டர் செய்துவிட்டேன். பிசிஆர் அருமையாக வந்தது. ஜெல்லில் ஒற்றைப் பேண்ட், சரியான அளவு. வராமல் எப்படி இருக்கும்? வெக்டரில் ஒட்டுவது அந்த 20 எழுத்துதானே. 80 எழுத்து வால் சரியா தவறா என்று பிசிஆர் ஒருபோதும் சோதிப்பதில்லை. அந்தப் பேண்டைப் பார்த்துத் திருப்தியடைந்து மூன்று முறை டிரான்ஸ்ஃபெக்ஷன் செய்தேன், மூன்றிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போதெல்லாம் பிரைமர் ஆர்டர் கொடுக்கும் முன், டேக் நுழைந்த பிறகு மரபணுத்தொகுதி எப்படி இருக்கும் என்று முழுவதையும் கணினியில் கட்டி, சந்திப்பு இரண்டையும் கண்ணால் படித்துவிடுகிறேன்.

பிரைமரும் சரியென்றால், டேக் அந்தப் புரதத்தின் வேலையைக் கெடுக்கிறதா என்று யோசிக்க வேண்டும். டிரிப்பனோசோமாவில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி. ஒன்றில் டேக் விழுந்து வேலை கெட்டாலும் மற்றது பெரும்பாலும் தாங்கும். டாக்சோபிளாஸ்மாவின் டேக்கிசோயிட்டும், இரத்தத்தில் வளரும் பிளாஸ்மோடியமும் ஒற்றைப் பிரதி. அங்கே இன்றியமையாத புரதத்தின் டேக் இடைஞ்சலாக இருந்தால் குளோனே கிடைக்காது. மறுமுனைக்கு மாறுங்கள், கிளைசின்-செரின் இணைப்பை நீட்டுங்கள், அல்லது எம்நியான்கிரீனை விட்டுவிட்டு எச்ஏ போன்ற சிறிய டேக்குக்கு இறங்குங்கள்.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது 'செத்துவிட்டது' என்று சொல்ல மூன்று நாலு வாரமாவது காத்திருங்கள். இரண்டாவது வாரத்தில் ஸ்மியரில் ஒன்றும் தெரியாததால் குடுவையைக் கொட்டிவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

எதுவுமே சாகவில்லை

டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோலும் ஜாலியாக நீந்துகிறதென்றால் மருந்து பழசு, அளவு குறைவு, அல்லது தாய் லைனிலேயே அந்த மருந்துக்கான எதிர்ப்பு ஜீன் முன்பே இருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் அதிகம் நடப்பது. டி7 பாலிமரேஸ், மரபணுத் திருத்தத்துக்கான கேஸ்9 எல்லாம் ஏற்றிய லைன்களில் ஓரிரு எதிர்ப்பு ஜீன் ஏற்கெனவே குடியிருக்கும். ஃப்ரீசர் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், தாய் லைனை ஒவ்வொரு மருந்திலும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

மருந்தில் பிழைத்தது, ஆனால் ஒளி இல்லை

அதிகம் கேட்கப்படுவது இதுதான், காரணங்களும் இங்கேதான் அதிகம். நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன்.

எந்த ஆன்டிபாடி என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். எம்நியான்கிரீன் பச்சையாக ஒளிர்வதால் அதையும் ஜிஎஃப்பி என்றே நினைத்து, ஜிஎஃப்பி ஆன்டிபாடி போட்டு வெஸ்டர்ன் (புரதத்தை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) ஓட்டி, வெற்று மெம்பிரேனைப் பார்த்துக் கலங்குபவர்கள் நிறைய. ஜிஎஃப்பி ஜெல்லிமீனிலிருந்து வந்தது. எம்நியான்கிரீன் பிராங்கியோஸ்டோமா லான்சியோலேட்டம் என்ற ஈட்டி வடிவக் கடல் உயிரியிடமிருந்து வந்தது, அறிமுகமானது 2013இல். இரண்டின் அமினோ அமில வரிசையும் வேறு. ஜிஎஃப்பி ஆன்டிபாடி இதைத் தொடாது. எம்நியான்கிரீனுக்கென்றே உள்ள ஆன்டிபாடி வேண்டும், இல்லையென்றால் டேக்கோடு சேர்த்து வைத்திருக்கும் டிஒய் அல்லது மைக் என்ற சிறு புரதத் துணுக்கைப் பிடிக்க வேண்டும்.

அடுத்து ஃப்ரேம், அதாவது மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை. வால்முனை டேக் என்றால் ஜீனின் கடைசி அமினோ அமிலத்தோடு ஃபார்வர்டு பிரைமரின் ஜீன் பகுதி நிற்க வேண்டும். மொழிபெயர்ப்பை நிறுத்தும் ஸ்டாப் கோடான் உள்ளே வந்துவிட்டால் மருந்து எதிர்ப்பு கிடைக்கும், டேக் மட்டும் மொழிபெயர்க்கப்படாது. மருந்து ஜீனுக்குத் தனி வாசிப்பு இருப்பதால் அது இதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. சந்திப்பை பிசிஆரில் பெருக்கி சீக்வென்ஸ் செய்யுங்கள். நீளமான பிரைமர்களில் ஒரு எழுத்து விடுபட்ட மூலக்கூறுகள் கலந்திருப்பது சகஜம், அதனால் ஒரு குளோன் ஃப்ரேம் பிசகி இருட்டாகவும் பக்கத்துக் குளோன் பளிச்சென்றும் இருக்கலாம். இரண்டு மூன்று குளோன் பார்க்காமல் முடிவுக்கு வரவேண்டாம்.

ஃப்ரேம் சரி, வெஸ்டர்னிலும் சரியான அளவில் பேண்ட், ஆனாலும் மைக்ராஸ்கோப்பில் இருட்டா? இடத்தின் அமிலத்தன்மையைக் கேளுங்கள். ஜிஎஃப்பியின் ஒளி பிஎச் 6 அருகில் பாதியாகிவிடும், எம்நியான்கிரீனுக்கு அது 5.7. பிளாஸ்மோடியம் ஹீமோகுளோபினைச் செரிக்கும் குமிழுக்குள் பிஎச் அதற்கும் கீழே. உங்கள் புரதம் அங்கே சரியாகவே போய்ச் சேர்ந்து, அங்கேயே அணைந்திருக்கலாம். சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி அமிலத்தைத் தாங்கும். இல்லையென்றால் செல்லை ஃபிக்ஸ் செய்து (வேதிப்பொருளால் அப்படியே நிலைநிறுத்தி) ஆன்டிபாடியால் பாருங்கள்.

ஆக்சிஜனும் உண்டு. ஜிஎஃப்பி குடும்பத்துப் புரதங்கள் ஒளிரும் பக்குவத்தை அடைய மூலக்கூறு ஆக்சிஜன் தேவை. ஜியார்டியா, எண்டமீபா போன்ற ஆக்சிஜன் ஒவ்வாத ஒட்டுண்ணிகளில் டேக் ஒழுங்காக இருந்தும் ஒளி மங்கியிருப்பதற்கு இது ஒரு காரணம். அங்கே எச்ஏ டேக்கே நிம்மதி.

ஃபிக்ஸேஷன்: குளிர் மெத்தனால் ஜிஎஃப்பியின் சொந்த ஒளியைக் குறைத்துவிடும், சைட்டோபிளாசத்தில் கரைந்து கிடக்கும் புரதத்தின் இருப்பிடத்தையும் குலைக்கும். முடிந்தால் முதலில் உயிருள்ள செல்லைப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் பார்க்கும் வடிவத்தில் அந்தப் புரதம் உண்டாகிறதா? பிளாஸ்மோடியத்தின் 48 மணி நேரச் சுழற்சியில் பல ஜீன்கள் தேவைப்படும் சில மணி நேரத்துக்கு மட்டும் விழிக்கும். சிவப்பணுவுக்குள் நுழைய உதவும் புரதத்தை, நுழைந்து முடிந்த ஆரம்பக் கட்டமான ரிங் நிலையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? புதிய ஒட்டுண்ணிகள் வெளிவரத் தயாராகும் முதிர்ந்த ஸ்கிசான்டைப் பாருங்கள். 2017இல் வந்த, இலக்கு ஜீனின் வெளிப்பாட்டோடு மருந்து எதிர்ப்பையும் பிணைக்கும் எஸ்எல்ஐ முறைக்கும் இதே வரம்பு: இரத்த நிலையில் அந்த ஜீன் ஓடாவிட்டால் எதிர்ப்பும் உண்டாகாது.

ஒளி இருக்கிறது, தாய் லைனிலும் இருக்கிறது

அப்படியானால் அது உங்கள் புரதம் இல்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவில் பிரகாசத்தை வைத்துப் பாருங்கள். மென்பொருள் தானாகப் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த ஒரு வசதி எத்தனை 'புதிய உறுப்புகளை'க் கண்டுபிடித்திருக்கிறது என்று கணக்கே இல்லை.

குளூட்டரால்டிஹைடு சேர்த்து ஃபிக்ஸ் செய்தால் எல்லாமே மினுங்கும். சோடியம் போரோஹைட்ரைடு கொடுத்தால் அடங்கும். டிஎன்ஏவை நீலமாகக் காட்டும் சாயங்களான டாப்பியும் ஹோக்ஸ்டும் புறஊதா பட்டால் ஓரளவு பச்சையாக ஒளிரும் வடிவத்துக்கு மாறிவிடும். உட்கருவைத் தேடி முதலில் நீலத்தில் பத்து வினாடி உலாவிவிட்டுப் பிறகு பச்சைக்கு மாறினால், உட்கருவும் கைனெட்டோபிளாஸ்ட்டும் (மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ திரள்) பச்சையில் தெரிந்து உங்களை ஏமாற்றும். முதலில் பச்சையை எடுத்துவிட்டு நீலத்தைக் கடைசியில் எடுப்பது நல்ல பழக்கம்.

டாக்சோபிளாஸ்மாவில் டர்போஐடி என்ற நொதியை டேக்காகப் போட்டு, அருகிலுள்ள புரதங்களில் பயோட்டின் ஒட்டவைத்து, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடினால் பார்ப்பவர்களுக்கு இதே அறிகுறி வேறு வேஷத்தில் வரும். ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் உட்கருவுக்கு முன்னால் ஒரு சிறிய அழகான புள்ளி. டேக் இல்லாத லைனிலும் அதே புள்ளி. அது அப்பிகோபிளாஸ்ட் என்ற உள்ளுறுப்பு. அங்கிருக்கும் அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ் இயற்கையாகவே பயோட்டினைத் தாங்கியிருக்கிறது. சுற்றியிருக்கும் மனிதச் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவும் அதே காரணத்தால் நூல் நூலாகத் தெரியும். ஒரு விதத்தில் இது நல்லதுதான்: ஸ்ட்ரெப்டவிடின் வேலை செய்கிறது என்பதற்குக் காசில்லாமல் கிடைத்த கன்ட்ரோல்.

தலைமுனையில் ஒரு இடம், வால்முனையில் இன்னொரு இடம்

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி. இரண்டு படத்தில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று பெரும்பாலும் வரிசையைப் படித்தே சொல்லிவிடலாம்.

தலைமுனையில் முகவரி எழுதியிருக்கும் புரதங்கள்: சுரப்புப் பாதைக்கான சிக்னல் பெப்டைடு, மைட்டோகாண்ட்ரியாவுக்கான முன்வரிசை, அப்பிகோபிளாஸ்ட்டுக்கான இரட்டை முகவரி, இரண்டாவது இடத்துக் கிளைசினில் ஒட்டும் மிரிஸ்டேட் என்ற கொழுப்பு அமிலம். இவற்றின் முன்னால் டேக்கை நட்டால் முகவரி மறைந்து புரதம் சைட்டோபிளாசத்தில் திரியும். வால்முனையில் முகவரி இருப்பவை: கிளைக்கோசோமுக்கு (சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் இருக்கும் உள்ளுறுப்பு) போகும் செரின்-லைசின்-லூசின், சவ்வில் பிணைக்கும் ஜிபிஐ நங்கூரத்துக்கான வரிசை, எண்டோபிளாஸ்மிக் வலையில் நிறுத்தி வைக்கும் கடைசி நாலு எழுத்து. அந்த நாலு எழுத்து ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி மாறும் என்பதையும் மறக்கவேண்டாம். டிரிப்பனோசோமாவின் பிப் புரதம் மெத்தியோனின்-ஆஸ்பார்ட்டேட்-ஆஸ்பார்ட்டேட்-லூசின் என்று முடிகிறது, பாடப்புத்தக வரிசையை மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள்.

கிளைக்கோசோம் நொதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுனை டேக்கில் செல் முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். வால்முனை டேக்கில் பால் ஊற்றியது போல் சீரான மூட்டம், உட்கரு மட்டும் சற்று வேறாக. இரண்டாவது படம் பார்க்க நன்றாக இருந்தாலும், கடைசி மூன்று அமினோ அமிலங்களைப் படித்தால் முதல் படத்தைத்தான் நம்புவீர்கள்.

முகவரி எதுவும் தென்படவில்லையென்றால் டிரிப்பனோசோமாவிலும் லீஷ்மேனியாவிலும் இன்னொரு கோணம் உண்டு. இவற்றில் ஜீன்கள் நீண்ட வரிசையாக ஒன்றாகப் படியெடுக்கப்பட்டு, பிறகு ஒவ்வொன்றின் தலையிலும் 39 எழுத்துள்ள ஒரே குல்லாய் ஒட்டப்படுகிறது. எவ்வளவு புரதம், எந்தக் கட்டத்தில் என்பதைப் பெரும்பாலும் மூன்று-பிரைம் யூடிஆர் (ஜீனின் பின்னால் வரும், புரதமாகாத பகுதி) தீர்மானிக்கிறது. வால்முனையில் டேக் போடும்போது அந்த யூடிஆரை அகற்றி வெக்டரின் யூடிஆரை வைக்கிறீர்கள். அளவு கூடிப் புரதம் வழிந்தோடலாம், செல் சுழற்சியில் வரவேண்டிய நேரமும் மாறலாம். தலைமுனை டேக்கில் சொந்த மூன்று-பிரைம் யூடிஆர் அப்படியே இருக்கும். ஆகவே முகவரி இல்லாத புரதத்தில் இரண்டும் முரண்பட்டால் என் ஓட்டு தலைமுனைக்கு.

தலைமுனையிலும் ஒரு பொறி இருக்கிறது: தரவுத்தளத்தில் குறித்த தொடக்க ஏடிஜி தவறாக இருக்கலாம். குல்லாய் ஒட்டும் இடம் அந்த ஏடிஜிக்குப் பின்னால் இருப்பதாக ஆர்என்ஏ தரவு காட்டினால், நிஜத் தொடக்கம் அடுத்த ஏடிஜி. முன்வரிசையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கும் அந்த நிஜத் தொடக்கத்தையே கொடுங்கள்.

டிரிப்பனோசோமா புரூசிக்கு டிரிப்டேக் படத்தொகுப்பு இருக்கிறது. புரோசைக்ளிக் வடிவத்தில் முழு மரபணுத்தொகுதிக்கும் எம்நியான்கிரீன் போட்டுப் பார்த்தது, 2023இல் கட்டுரையாக வெளியானது. உங்கள் படத்தை அதோடு ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. டாக்சோபிளாஸ்மாவுக்கு 2020இல் வந்த ஹைப்பர்லோபிட் வரைபடம் டேக்கே இல்லாமல் எடை நிறமாலை வழியாக இடம் சொல்கிறது. டேக்கின் குறும்பு அதில் கிடையாது என்பதால் பஞ்சாயத்துக்கு நல்ல சாட்சி.

பிளாஸ்மிட்டிலிருந்து (தனி வட்ட டிஎன்ஏ) வேறு புரமோட்டரில் (ஜீனை இயக்கும் பகுதி) ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோப்ட்ரி, மைக்ரோநீம் போன்ற நுழைவு உறுப்புகள் கட்டப்படும் நேரத்தில் புரதம் பிறந்தால்தான் அங்கே போகும். முன்கூட்டியே பிறந்தால் வேறெங்காவது இறங்கிவிடும். பிறந்த நேரம் தவறென்றால் இடமும் தவறும்.

வெஸ்டர்னில் 27 கிலோடால்டன் அருகே தனிப் பேண்ட்

டேக் மட்டும் அறுந்து கிடக்கிறது. மைக்ராஸ்கோப்பில் நீங்கள் பார்ப்பது அறுந்த டேக்கின் இருப்பிடம். பிளாஸ்மோடியம் சிவப்பணுவுக்குள் ஏற்றுமதி செய்யும் புரதங்களில் ஏற்றுமதி முகவரியான பெக்செல் வரிசையை பிளாஸ்மெப்சின் 5 என்ற நொதி வெட்டும்; அதற்கு முன்னால் டேக் இருந்தால் வெட்டிய பக்கத்தோடு போய்விடும். செல்லை உடைக்கும்போது புரோட்டியேஸ் அறுத்ததா என்று தெரிய, உயிருள்ள செல்களை நேராகக் கொதிக்கும் சாம்பிள் பஃபரில் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். பேண்ட் மறைந்தால் தவறு செல்லில் இல்லை, உங்கள் ஐஸ் பெட்டியில்.

பிசிஆரில் பழைய பேண்ட் போக மறுக்கிறது

டிரிப்பனோசோமாவில் அது போகவேண்டியதே இல்லை. டேக் விழாத மற்றப் பிரதி அது. லீஷ்மேனியாவில் குரோமோசோம் எண்ணிக்கையே நிலையில்லை, 31ஆவது குரோமோசோம் பெரும்பாலும் நாலு பிரதி. ஒற்றைப் பிரதி உள்ள டாக்சோபிளாஸ்மாவிலும் பிளாஸ்மோடியத்திலும்தான் பழைய பேண்ட் என்றால் கலப்படம் என்று பொருள்: குளோன் பிரிக்கவில்லை, அல்லது பிளாஸ்மோடியத்தில் பிளாஸ்மிட் மரபணுத்தொகுதிக்குள் நுழையாமல் வெளியே தொங்கியபடி மருந்தைச் சமாளிக்கிறது. டாக்சோபிளாஸ்மாவில் கண்ட இடத்தில் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை அடக்க 2009இல் வந்த, கேயு80 ஜீனை நீக்கிய லைன்களைப் பயன்படுத்துங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: புதிய பேண்ட் அழகாக வருகிறது, ஆனால் பொய். டிரான்ஸ்ஃபெக்ஷனுக்குப் போட்ட டிஎன்ஏ இன்னும் தட்டின் குழியில் மிச்சமிருந்தால், பிசிஆர் பாதியில் நின்ற துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடக்காத இணைப்பை நடந்ததாகக் காட்டும். தாய் லைனின் டிஎன்ஏவோடு டேக் துண்டைக் கொஞ்சம் கலந்து, அதே பிரைமர்களால் ஓட்டுங்கள். அதிலும் பேண்ட் வந்தால் சோதனையையே மாற்ற வேண்டும். பிளாஸ்மோடியத்தில் பேண்டே வராவிட்டால் நீட்சி வெப்பநிலையை 72இலிருந்து 62 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள். அதன் டிஎன்ஏவில் சுமார் 80 சதவீதம் ஏ-யும் டி-யும்.

சில செல்லில் ஒளி, சிலதில் இல்லை

குளோன் பிரித்தீர்களா? இல்லையென்றால் முதலில் அது. பிரித்தும் அப்படியே என்றால் சந்தோஷப்படுங்கள், இது பெரும்பாலும் பிழை இல்லை. டிரிப்பனோசோமாவில் டாப்பி போட்டு எண்ணுங்கள்: ஒரு கைனெட்டோபிளாஸ்ட் ஒரு உட்கரு, இரண்டு கைனெட்டோபிளாஸ்ட் ஒரு உட்கரு, இரண்டு இரண்டு. கைனெட்டோபிளாஸ்ட் முதலில் பிரியும், உட்கரு பின்னால். ஒரு இருநூறு செல்லை இந்த மூன்று கூட்டமாகப் பிரித்து, எந்தக் கூட்டத்தில் ஒளி என்று குறித்தால் அந்தப் புரதம் செல் சுழற்சியில் எப்போது வருகிறது என்ற விடையே கையில் இருக்கும். மூன்று கூட்டத்திலும் கலந்து கலந்து இருந்தால் மட்டும் உறைந்த குப்பியிலிருந்து புதிதாக எழுப்பி, மருந்தில் ஒரு வாரம் வைத்து மறுபடி எண்ணுங்கள்.